இரண்டு கரண்டி பஞ்சாமிர்தம்

வாழைப்பழ வாசனைதான், சந்தேகமில்லை என்று சசிரேகாவுக்குத் தோன்றியது. தோன்றியதுமே சந்தேகமும் வந்தது. இந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லாமே ஏதோ ஒரு பழத்தின் வாசனையோடுதான் இருக்கிறது. கை கழுவ வைத்திருக்கும் சோப்பு, தரை துடைக்கும் தண்ணீர், போன தடவை டாக்டர் ஈறில் தடவிய மரத்துப்போகும் மருந்து. ஆனால் இது சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ வரவில்லை. மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மிதுலா கொட்டாவி விட்டபோது வந்தது, வாய் மூடியதும் நின்றுவிட்டது. வெறும் வாழைப்பழமும் இல்லை. அதற்கடியில் நெய், நெய்க்கடியில் ஏலக்காய், எல்லாவற்றுக்கும் அடியில் சர்க்கரை கனிந்து இறுகியதொரு பழுப்பு நெடி. இந்த நான்கும் கூடியிருப்பது உலகத்தில் ஒரே ஒரு பொருளில்தான். அந்தப் பொருள் வீட்டில், ஃபிரிட்ஜின் மேல்தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், மூடி திறக்காத டப்பாவில் இருக்கிறது. இருக்க வேண்டும். நேற்று மாலை மாமனார் பழனியிலிருந்து வந்து இறங்கியதும் அவளேதான் வாங்கி உள்ளே வைத்தாள். எல்லாம் முடிந்து வந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். செரிம்மிணி என்றார். சொன்னார் அல்லவா. சொன்னார். எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு மயக்க டாக்டர் வருவார். ஐந்து வயதுக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நான்கு கடைவாய்ப் பற்களைச் சுரண்டி அடைத்து, இரண்டைப் பிடுங்கி எடுப்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து வாயில் எதுவும் போயிருக்கக் கூடாது.

எதுவும் என்றால் எதுவும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் குரலை உயர்த்தாதவர், அதனால்தான் அது மறக்கவில்லை. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும்மா, வந்தால் துப்பத் தெரியாது குழந்தைக்கு, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஆறு மணி நேரம். தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை. கவுன்டரில் இன்று ஒன்பது மணிக்கு நீட்டிய தாளிலும் அது அச்சாகியிருந்தது, மேற்படிக் குழந்தை எதையும் உட்கொள்ளவில்லை என்று உறுதியளிக்கிறேன். கட்டம் போட்டிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மாணவர்களின் விடைத்தாள்களில் போடும் அதே சின்னக் கையெழுத்து, பார்க்காமலே போடுவது. மேற்படிக் குழந்தை. அப்போது மேற்படிக் குழந்தை எடை பார்க்கும் கருவிமேல் ஏறி நின்று கொண்டிருந்தது. மாமா முள்ளைக் குனிந்து பார்த்து, பதினாலு இருநூறு, நான் தூக்கறப்பவே சொன்னனே என்று நர்ஸிடம் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தார். ஏழு இருபதுக்கு அவள் குளிக்கப் போனாள். தலைக்கு ஊற்றிக் கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பிரிகிற சத்தம் கேட்டது, ஈரமான முத்தம் மாதிரி ஒரு சின்னச் சத்தம். இல்லை, இப்போதுதான் அது கேட்கிறது. இல்லை, அப்போதே கேட்டது. கேட்டது, அவள் சொம்பைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றாள், மாமா தண்ணீர் எடுக்கிறார் என்று நினைத்தாள். மாமா ஃபிரிட்ஜ் தண்ணீர் குடிப்பதில்லை, தொண்டை கட்டும் என்பார், பத்து வருஷமாக அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி சொம்பை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். காதுக்குள் தண்ணீர் இறங்கி எல்லாச் சத்தமும் அடைத்துக் கொண்டது. எவ்வளவு சுகமாக இருந்தது.

நர்ஸ் இன்னொரு தடவை கேட்பாள். உள்ளே கூப்பிடும்போது கேட்பது வழக்கம் என்று தாளைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள். அதற்குள் தெரிந்தாக வேண்டும். சசிரேகா குனிந்து மிதுலாவின் காதோரத்து முடியை விலக்கினாள். நெற்றியில் பழனி விபூதி பட்டையாக இருந்தது, மணிக்கட்டில் ஆஸ்பத்திரியின் காகித வளையம். “கண்ணு, காலைல அப்பாரு ஏதாச்சும் குடுத்தாங்களா?”  மிதுலாவின் கண்கள்தான் முதலில் போயின, அம்மாவைத் தாண்டி, பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் வைத்து எதிரே இருந்த பல் படத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த அப்பாருவிடம், அதன் தாத்தாவிடம். போய், தொட்டு, திரும்பி வந்தன. பிறகுதான் “இல்லையே” என்றது குழந்தை. ராகம் போட்டு, தோளைக் குலுக்கி, கண்ணைப் பெரிதாக விரித்து. அவ்வளவு அழகாக அது இதுவரை எதையும் சொன்னதில்லை. இல்லையே. இந்தச் சொல்லை சசிரேகாவுக்குத் தெரியும். அவள் பத்து வயதில் உடுமலைப்பேட்டையில் அதைச் சொல்லியிருக்கிறாள், இதே ஏகாரத்தோடு. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இனிப்பு என்ற பேச்சே இல்லாமல் அம்மா பூட்டி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு ஜிலேபி வாங்கி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருவாள். அப்பா தையல் மெஷினுக்குக் கீழே கையை நீட்டி வாங்குவார், வாயில் போட்டுவிட்டு மிதியை வேகமாக மிதிப்பார், மெல்லுகிற சத்தம் கேட்கக் கூடாது. அப்புறம் அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். உலகத்தில் வேறு யாரும் அவளைப் பார்த்து அப்படிச் சிமிட்டியதில்லை. பாகை மானியில் பாகு ஒட்டி எண்களெல்லாம் மங்கிப்போயின. அம்மா ஒருநாள் கேட்டாள், அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தந்தியாடி. இல்லையே. முதலில் அப்பாவின் கால் கட்டைவிரல் போயிற்று, அப்புறம் பாதம். அம்மா இன்றைக்கும் சொல்கிறாள், என் கண்ணைக் கட்டிட்டு எங்கே போய்ச் சாப்பிட்டாரோ மனுஷன். சசிரேகா இன்றைக்கும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். அதுவா இது, அதுவும் இதுவும் ஒன்றா, இது வெறும் பால் பல். ஆனால் குழந்தையின் கண்கள் போய்விட்டு வந்த அந்த வழி, அதில் எத்தனை தடவை போய்ப் பழகியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் போய் வர முடியும்.

“மாமா” என்றாள். பல் படத்திலிருந்து அவர் முகம் திரும்பியது, சவரம் செய்து நீறு பூசிய, பண்டிகை நாளுக்குப்போல் தயாரான முகம். “பாப்பாவுக்குக் காலைல தண்ணி கிண்ணி ஏதாச்சும் குடுத்தீங்களா?” “தண்ணியா? சொட்டுக் குடுக்கலியே. நீதான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கியே. பல்லு வெளக்கறப்பக்கூட முழுங்கிறாதேன்னு பக்கத்துலயே நின்னனாக்கும்.” அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது, அதனாலேயே அடுத்ததைக் கேட்டாள். “பால், பிஸ்கட்டு?” “என்னம்மிணி நீ, சோத்துப் பக்கமே போவுலீங்கறன். சாமி பேரைச் சொல்லிப் பிரசாதம் நாக்குல வெச்சேன், அவ்வளவுதான். கத்தி படற ஒடம்பு, வெறுமனே அனுப்ப முடியுமா?”  “எவ்வளவு மாமா?” “நாக்குலதான்.” “எவ்வளவுங்க?” அவர் மஞ்சள் பையின் காதைச் சரிசெய்தார். “ஒரு விரல்தான் வெச்சேன். அது இன்னொண்ணுன்னு கேட்டுது. பசிச்ச வயிறு. ஒரு ரெண்டு கரண்டி இருக்கும். சின்னக் கரண்டி. அம்பது கிராம் தேறாது.” “மாமா, எதுவும் சாப்பிடக்கூடாதுன்னாங்களே.” “பிரசாதம் எப்படிம்மிணி சாப்பாடாகும்?” கேள்வி கேட்கும் குரல் இல்லை அது, சூரியன் கிழக்கே என்று சொல்லும் குரல். சஷ்டி விரதத்தில் ஆறு நாள் பச்சைத் தண்ணீரோடு கிடப்பவர், ஆறாம் நாள் கோயிலில் கை நிறையப் பஞ்சாமிர்தம் வாங்கி நக்கிவிட்டு, விரதம் கெடாமல் வீட்டுக்கு வருபவர். எழுபத்திரண்டு வருஷமாக அது கெட்டதில்லை. பிறகு அவரே குனிந்து, குரலைத் தாழ்த்தி, “அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே. சொன்னா மறுக்கா மூணு வாரம்பாங்க. புள்ள இன்னொரு மூணு வாரம் வலி தாங்காது” என்றார்.

அதுவும் உண்மைதான். இந்த மயக்க டாக்டர் புதன்கிழமை மட்டும் வருகிறவர், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார், அடுத்த தேதி கிடைக்க மூன்று வாரம். மிதுலா சாயங்காலத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும், அழாது, அதைத்தான் பார்க்க முடியாது. ஏழரையிலிருந்து பதினொன்று, மூன்றரை. பதினொன்றரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள் என்றால் நான்கு. ஆறில் நான்கு போனால் இரண்டு, இரண்டு மணி நேரம் என்பது என்ன, ஒரு டபுள் பீரியட், பிள்ளைகளை லேபுக்கு அழைத்துப்போய்த் திரும்புகிற நேரம். ஐம்பது கிராம் இதற்குள் கரைந்திருக்காதா. கரைந்திருக்கும். சர்க்கரை எல்லாவற்றுக்கும் முதலில் கரையும். ஆனால் வாழைப்பழம், பேரீச்சை, நெய். வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு அவள் செய்து காட்டுகிற ஒரு சோதனை உண்டு. பீக்கரில் வெள்ளைச் சர்க்கரை, மேலே கந்தக அமிலம். முதலில் ஒன்றுமே நடக்காது. பிள்ளைகள் சலித்துப் போய்ச் சிரிக்க ஆரம்பிக்கும்போது அது மஞ்சளாகும், பழுப்பாகும், பொசுக்கென்று கறுப்பாகிப் புகை விட்டுக்கொண்டு பீக்கரின் வாயைத் தாண்டி எழுந்து நிற்கும். எக்ஸ்ரேயில் மிதுலாவின் பற்களைப் பார்த்தபோது அந்தக் கறுப்புத்தான் நினைவுக்கு வந்தது. ராத்திரி சர்க்கரை போட்ட பால் குடிக்குமா என்று டாக்டர் கேட்டார். அவள் இல்லை என்றாள், சர்க்கரையே நாங்கள் சேர்ப்பதில்லை என்றாள், தலை நிமிர்ந்து சொன்னாள். பின்னால் நின்றிருந்த மாமா, “பால் பல்லுதானுங்க டாக்டர், விழுந்து மொளைக்கறதுதானுங்களே” என்றார். டாக்டர் சிரித்துவிட்டு அவளை மட்டும் பார்த்தார். அன்று வீட்டுக்குப் போய் மாமாவின் அறையைக் கூட்டும் சாக்கில் பார்த்தாள். தலையணை உறைக்குள் தேன் மிட்டாய்ப் பொட்டலம், கண்ணாடிக் கூட்டில் இரண்டு எலந்தவடை, பஞ்சாங்கத்தின் நடுவில் தட்டையாக ஒரு கடலை மிட்டாய். பள்ளியிலிருந்து அவள் வருவதற்குள் தினமும் நான்கு மணிக்கு அந்த அறையில் ஒரு விருந்து நடந்திருக்கிறது. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைத்திருக்கிறார், தடயம் தெரியாமல் இருக்க. அதைக் கேட்டாள் அவள். கத்தவில்லை, மாமா இதெல்லாம் வேண்டாமே என்றுதான் கேட்டாள். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் துடைத்து, தாராபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். மிதுலா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. பெங்களூரிலிருந்து கணவன் தினகரன் போனில் சொன்னான், அப்பா இருக்கறதுனாலதான் நீ வேலைக்குப் போய்ட்டு வர்றே, அதை மறந்துராதே சசி. சாதாரணமாகத்தான் சொன்னான். பக்கத்தில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. அவள் மறக்கவில்லை. காலை ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் ஏறும்போது தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்கிறாள். அவளுடைய வேலை, அவளுடைய மேசை, அவள் பெயர் போட்ட லேப் சாவி, எல்லாம் ஒரு கிழவரின் நல்ல மனசில் தொங்குகின்றன. அவர் நல்லவர். அதுதான் இதில் கையை எங்கேயும் வைக்க முடியாமல் ஆக்குகிறது. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். முப்பது வருஷம் ரேஷன் கடையில் ஊருக்கெல்லாம் சர்க்கரை அளந்து கொட்டியவர், வேட்டியில் ஒட்டியதைக்கூடக் கடைவாசலிலேயே தட்டிவிட்டு வருவேன் என்று சொல்வார். மகன் தினகரன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பானாம், தட்டினதில் ஒண்ணு விழாதான்னு நிப்பாம்மிணி, நான் குடுக்கலியே. அந்தக் குடுக்கலியேவைத்தான் பேத்தியின் வாயில் ஸ்பூன் ஸ்பூனாகப் போடுகிறார். அவளுக்குப் புரிகிறது. புரிவதால் என்ன. புரிந்த மனுஷிக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழ முடிகிறதா.

சும்மா இருந்துவிட்டால் என்ன. ஒன்றும் ஆகாது. நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் வீட்டில் குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடும், டாக்டரே சொன்ன ஐஸ்கிரீம். தினகரன் வீடியோவில் பல்லைக் காட்டு என்பான், மாமா முருகனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொள்வார். அந்த மீதி ஒன்றை அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் அதைச் சுற்றி வந்தாள், கிணற்றைச் சுற்றி வருகிற மாதிரி, எட்டிப் பார்க்காமல். உள்ளே பச்சை விரிப்பு, வெள்ளை விளக்கு, வாயில் ஏதோ ஒரு குழாய், துப்பத் தெரியாது குழந்தைக்கு. மடியில் மிதுலா புரண்டு முகத்தை அவள் வயிற்றில் புதைத்தது, அந்த மூச்சு புடவை வழியாகச் சூடாக உள்ளே வந்தது, ஏலக்காயோடு. போன் அதிர்ந்தது. உள்ளே கூட்டிட்டுப் போயாச்சா என்று தினகரன். பதில் எழுதவில்லை. எழுதினால் எதை எழுதுவது. உன் அப்பா. அழித்தாள். எழுதவே இல்லை, மனதில்தான் எழுதி அழித்தாள், ஆனாலும் கட்டைவிரல் வியர்த்திருந்தது. எதிர் வரிசையில் ஒரு பெண் தன் பையனுக்குப் புத்தகத்தில் யானையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்கு எல்லாப் பல்லும் இருந்தது, எங்கே தும்பிக்கை எங்கே தும்பிக்கை என்று கேட்கும்போதெல்லாம் அத்தனையையும் காட்டிச் சிரித்தான். மாமா மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தார், உதடு மட்டும் அசைந்தது, முருகா. மணி பத்து ஐம்பத்தொன்று. மணி பார்த்துக்கொண்டே இருந்தால் முள் நகராது என்பார்கள், நகர்கிறது.

“மிதுலா தினகரன்.” கதவருகே நர்ஸ் நின்றாள், கையில் அந்தத் தாள். சசிரேகா எழுந்தாள். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பில் ஏறியது. பதினாலு இருநூறு என்று உடம்பு சொல்லிற்று. மாமாவும் எழுந்து பின்னால் வந்தார், செருப்பில்லாத காலோடு, ஆஸ்பத்திரிக்குள் எங்கேயும் செருப்புப் போட மாட்டார். “பாப்பா ராத்திரிலருந்து ஒண்ணும் சாப்பிடலதானுங்க? தண்ணி, பால், சாக்லேட்?” நர்ஸின் பேனா ஏற்கனவே கட்டத்தின் மேல் நின்றது. அது தொடுவதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். கழுத்தில் குழந்தையின் கை பிசுபிசுத்தது. “சாப்பிட்டா” என்றது ஒரு குரல், அது தன் குரல் என்று தெரிய அவளுக்கு நேரமாயிற்று. “ஏழரை மணிக்கு. பஞ்சாமிர்தம். ரெண்டு கரண்டி.” பேனா நின்றது. “என்னங்க சொல்றீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யாரு குடுத்தது?” நர்ஸ் சத்தமாகக் கேட்கவில்லை, ஆனால் யானைப் புத்தகம் நின்றுபோனது. சசிரேகா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பின்னால் அவர் நிற்பது தெரிந்தது, மூச்சு நின்றிருப்பது தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ராத்திரி பெட்டி துடைக்கப்படும். அதற்காகத்தானா சொல்லவில்லை, இல்லை, நீறு பூசிய அந்த முகத்துக்காகவா. இரண்டும்தான், எது எவ்வளவு என்று நிறுக்க அவளிடம் தராசு இல்லை. “நான்தான்” என்றாள். “கோயில் பிரசாதம்னு குடுத்துட்டேன்.” நர்ஸ் தாளைத் திருப்பி அவள் பெயருக்குக் கீழே படிப்பையும் வேலையையும் ஒரு தடவை பார்த்தாள். “டீச்சரா இருந்துட்டு இப்படிப் பண்ணலாமாங்க? உள்ள போன பொறகு வாந்தி எடுத்திருந்தா குழந்தை என்ன ஆயிருக்கும் தெரியுமா? படிக்காதவங்கன்னா சொல்லிக் குடுக்கலாம்.” சொல்லச் சொல்ல சசிரேகாவுக்கு உண்மையிலேயே தான் கொடுத்தது போல இருந்தது, கரண்டியின் பிடி கையில் தெரிந்தது. மாமா இப்போது பேசுவார் என்று காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருந்தாள். அவர் பேசுவதற்கு வேண்டிய இடத்தை நர்ஸ் பாவம் இரண்டு தடவை விட்டாள், மூச்சு வாங்க. அவர் பேசவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “தெரியாமப் பண்ணிருச்சுங்க, உட்ருங்க” என்றார். மருமகளுக்காக மன்னிப்புக் கேட்கிற மாமனாரின் குரல், கனிந்த குரல். எதிர் வரிசைப் பெண் அவரைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினாள்.

அடுத்த தேதி எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, “இனிப் பாப்பாவுக்குச் சாப்பிடக் குடுங்க, பட்டினி போடாதீங்க” என்றாள் நர்ஸ். மாமா ஆட்டோ பிடிக்க முன்னால் இறங்கிப் போனார். படியில் வேகமாக இறங்கினார், முதுகு இலேசாகிவிட்ட மனிதராக, நடுப்படியில் நின்று “மெதுவா வாம்மிணி, படி வழுக்குது” என்று அக்கறையாகத் திரும்பிச் சொன்னார். அதில் நடிப்பில்லை. இரண்டு நாளில் அவரே நம்பிவிடுவார், சசிதான் அவசரத்தில் குடுத்துட்டா பாவம், நான் ஒண்ணும் சொல்லலியே என்று தாராபுரத்துக்குச் சொல்வார், அந்தச் சொல்லலியே பெருந்தன்மையாக இருக்கும். தினகரன் நீயா சசி என்பான். நான்தான். இனி ஆயுசுக்கும் நான்தான். நாளை சீக்கிரம் வந்தாலும், நான்கு மணிக்கு அந்த அறைக் கதவு சாத்தியிருந்தால் எந்த வாயோடு தட்டுவது. பாதிப் படியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பில் இருந்த மிதுலா நெளிந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பியது. கண்கள் அம்மாவைத்தான் பார்த்தன, வேறு எங்கும் போய்விட்டு வரவில்லை. அந்தப் பார்வையில் புதிதாக ஒன்று இருந்தது, மரியாதை என்று சொல்ல வேண்டும். வாயைக் காதருகே கொண்டுவந்து சூடாக ஊதியது. “நீ குடுக்கலீல்லம்மா?” அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். “எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்.” சொல்லிவிட்டுச் சற்று விலகி அம்மாவின் முகத்தைப் பார்த்தது, உன்னையும் எங்களோடு சேர்த்துக்கொண்டாகிவிட்டது என்கிற மாதிரி. சசிரேகா வாயைத் திறந்தாள். இல்லை கண்ணு, சொல்லணும், எல்லார்கிட்டயும் சொல்லணும் என்பதற்காகத்தான் திறந்தாள். கீழே ஆட்டோவின் பக்கத்தில் நின்று மாமா கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “செரி” என்றாள்.